குறி சுட்ட மாடும் குருதி வகையும்

வாடைக்காற்று வீசி மாரி மழை இறங்கிவிட்டால், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பகுதி வாங்குகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது. அந்த வாங்குகளில் நடக்கும் பேச்சில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் ஒன்று குருதி வகை பற்றியது. "எனக்கு ஓ பொசிட்டிவ் மனே, தடிமன் கிட்டவும் வராது" என்று ஒரு மூதாட்டி சொல்ல, "எங்கட புள்ளைக்கு ஏ குறூப், அதான் மாசத்துக்கு ஒருக்காச் சளி புடிக்கிது" என்று பக்கத்தில் இருக்கும் இளம் தாய் மறுமொழி சொல்லுவார். மூதாட்டி அன்று எதற்காக மருந்தெடுக்க வந்திருந்தார் என்பதை எவரும் கேட்பதில்லை.

கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில், ஏ வகையினருக்கு ஆபத்துக் கூடுதல், ஓ வகையினருக்குக் குறைவு என்ற செய்தி உலகெங்கும் ஓடியது. அது வெறும் வதந்தியன்று. அதற்குப் பின்னால் மெய்யான ஆய்வுகள் இருந்தன. ஆனால் ஆய்வேட்டிலிருந்து புறப்பட்ட அச்செய்தி எங்கள் வாங்குக்கு வந்து சேர்வதற்குள் பன்மடங்கு பெருத்துவிட்டது. எவ்வளவு பெருத்தது என்பதை அறிய, குருதி வகை என்பது உடலில் என்னவாக இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பட்டியும் குறியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்போர் தம் மாடுகளுக்குக் குறி சுடுவதுண்டு. முற்காலத்தில் குடிக்கென்றே தனித்தனிக் குறிகள் இருந்தன. மேய்ச்சல் தரையில் பல பட்டி மாடுகள் கலந்து நின்றாலும், எது எவருடையது என்பதைக் குறி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தக் குறியைப் பார்த்து, மாடு எத்தனை போத்தல் பால் கறக்கும், நோய் கண்டால் தாங்குமா என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. குறி உரிமையைச் சொல்லும், உடற்பலத்தைச் சொல்லாது.

நாம் பேச்சில் இரத்தக் குறூப் என்றும் பாடநூலில் குருதி வகை என்றும் சொல்வது இத்தகைய ஒரு குறியையே. எனினும் குறி முற்றிலும் பயனற்ற அடையாளமும் அன்று. வேற்றுக் குறியுள்ள மாடொன்று பட்டிக்குள் நுழைந்தால் காவற்காரன் உடனே கண்டுகொள்வான். தன் குறியே உள்ள மாட்டைத் திரும்பியும் பாரான். சுவாசத் தொற்றுக்கும் குருதி வகைக்கும் உள்ள தொடர்பின் ஒரு பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஓட்டின் மேல் மூன்று துளி

குருதிக் கொடை முகாமுக்குப் போனவர்கள் இதை அருகிலிருந்து பார்த்திருப்பார்கள். விரல் நுனியில் குத்தி, வெள்ளை ஓட்டில் மூன்று இடங்களில் குருதித் துளி வைப்பார்கள். முதல் துளியில் நீல நிறத் திரவம், இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் நிறமற்றது என ஒவ்வொரு சொட்டு விட்டுக் கலக்கி, ஓட்டை இப்படியும் அப்படியும் மெல்லச் சரிப்பார்கள். சில விநாடிகளில் ஏதேனும் ஒரு துளியின் வழுவழுப்பு உடைந்து, புளி பட்ட பால் திரைவது போலச் சிவப்பு மணிமணியாகப் பிரிந்து நிற்கும். நீலத்தில் திரைந்தால் ஏ, மஞ்சளில் திரைந்தால் பி, இரண்டிலும் திரைந்தால் ஏபி, இரண்டிலும் திரையாவிட்டால் ஓ. மூன்றாவது துளி பொசிட்டிவ், நெகட்டிவ் என்பதைச் சொல்லும்.

இந்தத் திரைதலை முதலில் ஒழுங்காக விளக்கியவர் கார்ல் லான்ட்ஸ்டைனர். வியன்னாவில் பணியாற்றிய அவர் 1901ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். திரவத்தில் இருந்துகொண்டு கலங்களைப் பிடித்துக் கட்டும் புரதத்துக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். அதுவே எங்கள் காவற்காரன். கலத்தின் மேல் இருந்து அந்தக் காவற்காரன் கண்டுகொள்ளும் அடையாளத்துக்குப் பிறபொருளெதிரியாக்கி என்று பெயர். இந்த நீண்ட சொல்லை இனி நான் பயன்படுத்தப் போவதில்லை. குறி என்றே சொல்வேன்.

குறி சுடும் கம்பி

அந்தக் குறி எதனால் ஆனது என்று கேட்டால் விடை சற்று வியப்பூட்டும்: சீனியால் ஆனது. தேநீருக்குப் போடும் சீனி அன்று. அதன் இனத்தைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். செங்குழியத்தின் மேற்பரப்பில் இத்தகைய சீனிகள் கோத்த சங்கிலிகள் பாசி போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடிச்சங்கிலி ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே. அதன் நுனியில் ஒரு வகைச் சீனியைச் சேர்த்தால் அது ஏ. சற்றே வேறுபட்ட இன்னொரு சீனியைச் சேர்த்தால் பி. இரண்டு வகைச் சங்கிலியும் கலந்திருந்தால் ஏபி. எதையும் சேர்க்காமல் வெறுமனே விட்டால் ஓ.

சேர்க்கும் வேலையைச் செய்வது ஒரு நொதியம், அதாவது உடலில் ஒரு குறிப்பிட்ட வேலையை நடத்திக்கொடுக்கும் புரதம். அதைக் குறி சுடும் கம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பியைச் செய்வதற்கான எழுத்துக் கட்டளை, பரம்பரையலகு எனப்படுவது, எங்கள் கலங்களில் இத்தகைய கட்டளைகளைத் தாங்கும் இழைகளுள் ஒன்றான ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஏ கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையே புரதத்தின் நான்கே அலகுகள்தான் வேறுபாடு. ஓ வகையில் பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டளையில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருக்கிறது. அதனால் கம்பி உடைந்த கம்பியாகவே பிறக்கிறது. "ஓ தான் சுத்தமான, பலமான இரத்தம்" என்று பெருமை பேசுவோர், தங்கள் பெருமை ஓர் எழுத்துப்பிழையால் வந்தது என்பதை அறிந்தால் சிரிப்பார்களோ கோபிப்பார்களோ தெரியாது.

எங்கள் பகுதியில் இதனோடு இன்னொரு குழப்பமும் கலந்துகொள்கிறது. இங்கே தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் குடி தாய்வழியே வருகிறது. தாயின் குடி எதுவோ பிள்ளையின் குடியும் அதுவே. அதே பழக்கத்தில் குருதி வகையும் தாயிடமிருந்தே வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தாயிடமிருந்து ஒரு கம்பி, தந்தையிடமிருந்து ஒரு கம்பி என இரண்டு வருகின்றன. தந்தை ஏ வகை, தாய் பி வகை, ஆனால் இருவரிடமும் ஓர் உடைந்த கம்பியும் மறைந்திருக்கிறது என்றால், அவர்களுடைய பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ என நால்வகையிலும் பிறக்கலாம். ஆகவே ஒரே வயிற்றுவாரில், அதாவது ஒரே தாய்வழிக் கிளையில், எல்லோருக்கும் நெஞ்சு பலவீனம் என்று காணப்பட்டால், காரணத்தைக் குருதி வகையில் தேடுவதற்கு முன், அவர்கள் எல்லோரும் ஒரே குசினிப் புகையைச் சுவாசித்தவர்களா என்று கேட்பது பயனுள்ளது.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: குருதி வகை என்பது கலத்தின் மேலுள்ள சீனிக் குறி; அதைச் சுடும் கம்பி தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது; தன்னிடம் இல்லாத குறியை அடையாளம் காணும் காவற்காரர் உடலில் உலவுகின்றனர்.

காவற்காரர் எங்கிருந்து வந்தனர்?

வேறொருவரின் குருதியை ஒருநாளும் ஏற்றிக்கொள்ளாத ஒருவருக்கு, மற்றவரின் குறியை எதிர்க்கும் பிறபொருளெதிரி எப்படி வந்தது என்ற கேள்வி நியாயமானது. எங்கள் குடலில் வாழும் பற்றீரியங்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஏ, பி குறிகளை ஒத்த சீனிகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையிடம் இந்தக் காவற்காரர் இல்லை. மூன்று முதல் ஆறு மாத வயதளவில், அந்தப் பற்றீரியங்களைக் கண்டு பழகி, தனக்கு அந்நியமான குறிக்கு எதிராகக் காவல் உருவாகிறது. ஏ வகையினரிடம் பி குறிக்கு எதிரான காவல் உண்டு. பி வகையினரிடம் ஏ குறிக்கு எதிரானது. ஓ வகையினரிடம் இரண்டுக்கும் எதிரானது. ஏபி வகையினரிடம் ஒன்றும் இல்லை. காவலின் அடர்த்தி ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓ வகையினர் இருவரிடம் அது ஒரே அளவில் இருப்பதில்லை.

குருதியின் குறிக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு?

குருதி வகை என்ற பெயரே ஒரு வகையில் வழிதவறச் செய்கிறது. ஏனெனில் இந்தக் குறி குருதியில் மட்டும் இருப்பதில்லை. மூக்கு, தொண்டை, சுவாசக் குழாய், குடல் ஆகியவற்றின் உட்சுவர்க் கலங்களிலும் அதே குறி சுடப்பட்டிருக்கும். அதுமட்டுமன்றி, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேரின் உமிழ்நீரிலும் சளியிலும் அது கரைந்து வெளிவருகிறது. இவர்களைச் சுரப்போர் என்பார்கள், மற்றவர்கள் சுரக்காதோர். இதைத் தீர்மானிப்பது வேறொரு நிறமூர்த்தத்திலுள்ள வேறொரு பரம்பரையலகு. ஆக, வெறும் ஏ, பி என்ற எழுத்தை மட்டும் பார்த்து மூக்கில் என்ன இருக்கிறது என்று முழுமையாகச் சொல்லிவிடவும் முடியாது.

வைரசும் இரவல் குறியும்

இனித்தான் நோயின் கதை. வைரசிடம் சொந்தமாகத் தொழிற்சாலை எதுவும் இல்லை. அது ஒரு கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தின் கருவிகளைக் கொண்டே தன் பிரதிகளைச் செய்விக்கிறது. கொரோனா வைரசு போன்ற உறையுள்ள வைரசுகள் அவ்வாறு வெளிவரும்போது, அவற்றின் உறையிலும், கலத்தைப் பற்றிக்கொள்ள அவை நீட்டிவைத்திருக்கும் கூர்முனைப் புரதத்திலும் அந்தக் கலத்தின் சீனிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஏ வகையினர் ஒருவரின் தொண்டையிலிருந்து புறப்படும் வைரசு ஏ குறியைச் சுமந்தே புறப்படக்கூடும். அது ஓ வகையினர் ஒருவரின் மூக்கை அடையும்போது, வேற்றுக் குறியுள்ள மாடு பட்டிக்குள் நுழைந்த கதைதான்: அங்குள்ள காவற்காரர் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு.

இது வெறும் கற்பனை அன்று. 2003ஆம் ஆண்டு, இன்னொரு கொரோனா வைரசால் வரும் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது, ஹொங்கொங்கில் ஒரு நோயாளியிடமிருந்து தொற்று வாய்ப்புக்கு உள்ளான வைத்தியசாலைப் பணியாளர்களில் ஓ வகையினர் குறைவாகவே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். அக்குழு மிகச் சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் 2008இல், ஏ குறிக்கு எதிரான பிறபொருளெதிரி, ஏ குறியுள்ள சார்ஸ் கூர்முனைப் புரதம் கலத்தில் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது.

ஆனால் இந்தக் காவலின் எல்லையைக் கவனியுங்கள். முதலாவதாக, ஓ வகையினரிடமிருந்து வரும் வைரசில் ஏ, பி குறி எதுவும் இல்லை. அதை எவரும் வேற்று மாடாகக் காணமாட்டார். இலங்கையில் ஓ வகையினரே மிக அதிகம், அடுத்து பி, அதன் பின்னரே ஏ. ஆகவே எங்கள் வீடுகளில் ஓ வகையினர் பலருக்கு நோய் இன்னொரு ஓ வகையினரிடமிருந்தே வந்து சேரும்; அங்கே இந்தக் காவலால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவதாக, வைரசு ஒன்றிரண்டு தப்பி உள்ளே நுழைந்து பெருகத் தொடங்கிவிட்டால், அடுத்த தலைமுறை வைரசு தங்கிய வீட்டின் குறியையே அணிந்துகொள்ளும். அதன் பின் அது தன் பட்டி மாடாகிவிடுகிறது. எனவே இது படலையில் நிற்கும் காவல் மட்டுமே. வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு உதவாது.

வேறு இரண்டு வழிகளும் பேசப்படுகின்றன. கொவிட்-19 வைரசின் கூர்முனைப் புரதத்தில் கலத்தைப் பற்றும் பகுதி, சுவாசக் கலங்களில் உள்ள ஏ குறியோடு நேரடியாகவும் ஒட்டக்கூடியது என 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. படலையில் கொளுவிக்கொள்ள ஓர் ஆணி கூடுதலாக இருப்பது போன்றது இது. மற்றையது குருதி உறைதல். குருதி உறைவதற்கு உதவும் வொன் வில்லபிரான்ட் காரணி என்ற புரதம் ஓ வகையினரிடம் மற்றவர்களை விட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கடுமையான கொவிட்-19இல் நுரையீரலின் நுண்குழாய்களில் குருதி கட்டிபடுவது ஒரு முக்கிய சிக்கலாக இருந்தபடியால், இதுவும் சிறிது பங்கு வகித்திருக்கலாம்.

எண்கள் உண்மையில் சொல்வது

2020 ஜூன் மாதத்தில் இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் ஏழு வைத்தியசாலைகளில் மூச்சுத் திணறலோடு அனுமதிக்கப்பட்ட 1,610 பேரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்த ஆய்வு வெளியானது. ஏ வகையினருக்கு ஆபத்து மற்றவர்களைவிட 1.45 மடங்கு, ஓ வகையினருக்கு 0.65 மடங்கு என்று அது கணித்தது. செய்திகளில் ஓடியது இந்த எண்தான். சிலர் இதை "ஏ வகையினரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு ஆபத்து" என்று படித்துவிட்டனர். மடங்கு என்பது ஒப்பீடு மட்டுமே. ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வரக்கூடிய ஒன்று 1.45 மடங்கானால் ஆயிரத்தில் மூன்று பேருக்கு வரும், அவ்வளவே.

அளவை உணர்த்துவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க்கின் ஆய்வு. அங்கு பரிசோதிக்கப்பட்ட 4,73,654 பேரில் 7,422 பேருக்குத் தொற்று இருந்தது. அந்நாட்டின் பொதுச் சனத்தொகையில் ஓ வகையினர் நூற்றுக்கு 41.70, தொற்றாளரில் நூற்றுக்கு 38.41. அதாவது நூறு தொற்றாளரை வரிசையில் நிறுத்தினால் நாற்பத்திரண்டு ஓ வகையினரை எதிர்பார்க்கலாம். நின்றவர்களோ முப்பத்தெட்டுப் பேர். வித்தியாசம் மெய்யானது, ஆனால் அந்த முப்பத்தெட்டுப் பேரையும் மறந்துவிடக்கூடாது. தொற்றியவர்களுள் வைத்தியசாலைக்குப் போனவர்களிலோ இறந்தவர்களிலோ குருதி வகையால் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அந்த ஆய்வு காணவில்லை. 2021இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை மையமாகக் கொண்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு, தொற்றிலும்கூடத் தொடர்பு எதையும் காணவில்லை. எனினும் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டிய பெரும் பரம்பரையலகு ஆய்வுகளில், ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் அந்தக் குறி சுடும் பகுதி மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. ஆகவே தொடர்பு உண்டு, ஆனால் சிறியது என்று கொள்வதே பொருத்தம் என்பது என் முடிவு.

வாங்கில் இருப்பவரின் கண்ணுக்கு இது ஏன் வேறுவிதமாகத் தெரிகிறது என்பதற்கும் ஒரு விடை உண்டு. எங்கள் வைத்தியசாலை விடுதியொன்றில் இருபது பேர் இருமிக்கொண்டு படுத்திருந்தால், அவர்களில் மிகப் பலர் ஓ வகையாகவே இருப்பர், ஊரிலும் அவர்களே மிக அதிகம் என்பதால். அதை மட்டும் பார்ப்பவர், ஓ வகையினருக்கே சளி அதிகம் என்று தலைகீழான முடிவுக்கு வரலாம்.

சற்று விலகி ஒன்று சொல்ல வேண்டும். அதே இத்தாலி, ஸ்பெயின் ஆய்வு, மூன்றாம் நிறமூர்த்தத்தில் குருதி வகையோடு சம்பந்தமில்லாத இன்னொரு பகுதியையும் சுட்டியது. அதன் தாக்கம் குருதி வகையைவிட வலியது. முன்னொரு காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த அந்தப் பகுதியைத் தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேர் சுமக்கின்றனர் என்று 2020இல் கணிக்கப்பட்டது. எங்கள் வாங்குப் பேச்சில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. அடையாள அட்டையில் எழுதிவைக்கும் எழுத்து அதற்கு இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தடிமனும் மற்றச் சுவாச நோய்களும்

இனி மூதாட்டியின் தடிமனுக்கு வருவோம். தடிமனை உண்டாக்குவதில் முதலிடம் பெறும் ரைனோ வைரசுக்குச் சீனி பூசிய உறை கிடையாது. குறி அணியாத ஒன்றைக் குறி பார்த்துப் பிடிக்க இயலாது. எனவே கொரோனா வைரசுக்குச் சொன்ன காவற்காரக் கதையை அப்படியே தடிமனுக்குப் பொருத்த முடியாது. இன்புளுவென்சா பற்றிய பழைய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. காசநோய் பற்றியவையும் அவ்வாறே. இளம் தாயின் பிள்ளையைப் பொறுத்தவரை, சிறு பிள்ளைகளுக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டுத் தடவை தடிமன் வருவது வழமையே. பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் அது கூடுதலாகவும் தோன்றும், எந்தக் குருதி வகையானாலும்.

நோய்க்கு நோய் குறியின் விளைவு மாறும் என்பதும் அறியத்தக்கது. ஓ வகையினருக்கு மலேரியா கடுமையாவது குறைவு. வாந்திபேதியோ (கொலரா) அவர்களையே கடுமையாகத் தாக்குகிறது. இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. எங்கள் பாட்டனார் காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு நடுவே ஓ வகைக்கு இருந்த அந்தச் சிறு சலுகைக்கு இன்று இங்கே வேலையில்லை. எல்லா நோய்க்கும் நல்ல வகை என்று ஒன்று இருந்திருந்தால், மற்ற வகைகள் இவ்வளவு காலம் நிலைத்திருக்குமா என்பது ஆராய்ச்சியாளர் பலரும் கேட்கும் கேள்வி.

நெஞ்சுச்சளி நியூமோனியாவாக மாறுமா மாறாதா என்பதைப் பெருமளவில் தீர்மானிப்பவை வயது, நீரிழிவு, புகைத்தல், விறகடுப்புப் புகை, தொய்வு, ஏற்றிய தடுப்பூசி, காற்றோட்டமற்ற அறையில் எத்தனை பேர் படுத்தெழும்புகிறார்கள் என்பவை. இவற்றின் அருகில் வைத்தால் குருதி வகையின் பங்கு மிகச் சிறியது. நியூமோனியாவுக்கு மருந்து எழுதும்போது வைத்தியர் குருதி வகையைக் கேட்பதில்லை. தடுப்பூசியின் அளவும் அதைப் பார்த்து மாறுவதில்லை.

பொசிட்டிவ் என்ற சொல்

கடைசியாக, மூன்றாவது துளியை மறந்துவிடவில்லை. பொசிட்டிவ், நெகட்டிவ் என்பது றீசஸ் என்ற வேறொரு குறியைப் பற்றியது. அது சீனி அன்று, புரதம். செங்குழியத்தில்தான் இருக்கிறது, மூக்கின் சுவரிலோ சளியிலோ இல்லை. கர்ப்பிணித் தாய்க்கும் குருதி ஏற்றுவதற்கும் அது மிக முக்கியம். வைரசு மூக்கில் வந்து இறங்குவதை அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆயினும் 2021இல் ஊரில் நடந்த குழப்பம் இந்தச் சொல்லால்தான். கொவிட்-19 தொற்றைக் கண்டறியும் பீசீஆர் பரிசோதனையின் முடிவுத் துண்டைக் கையில் வைத்திருந்த அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொசிட்டிவ் எண்டு போட்டிருக்கு, அது எனக்குத் தெரிஞ்சதுதானே, பிறந்ததிலிருந்து நான் ஓ பொசிட்டிவ்" என்று சொல்லிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். அவரைப் படலையில் மறித்து, துண்டில் எழுதியிருப்பது வேறு பொசிட்டிவ் என்று விளங்கப்படுத்தி உள்ளே அனுப்புவதற்கு அவருடைய மகளுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.